இரண்டே முக்கால் பாட்டு

நோரா இறந்து அன்றோடு ஒரு வருஷம். பிரிஜெட் அக்கா எனக்குக் கொடுத்திருந்த கெடுவும் அன்றோடு முடிந்தது.

அக்கா என்றால் என் மனைவி நோராவின் அக்கா. பிரேசர் டவுனில் வீடு. பிள்ளை இல்லை. நோராவை அடக்கம் செய்த வாரத்திலிருந்து என் மகள் பெட்டி வாரத்தில் ஐந்து நாள் அங்கே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை காக்ஸ் டவுனுக்கு, என்னிடம் வருவாள். அவளுக்கு ஐந்து வயது. தன் பொம்மைக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் தனித்தனிப் படுக்கை வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு கோயில் வாசலில் அக்கா என்னை நிறுத்தினாள். ஜனவரியில் கான்வென்ட் திறக்கிறது, அதற்குள் பிள்ளைக்கு ஒரே வீடு என்று ஆகிவிட வேண்டும் என்றாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வருஷ நினைவுப் பூசையன்று பதில் வேண்டும் என்றாள்.

என் பதில் தயாராக இருந்தது. தரமாட்டேன்.

அதைச் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஒரு பிடிமானம். அடக்கத்தன்று வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா சுவரில் சிலுவையோடு தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். நோராவுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்திருந்தது, ஆறு மாதம் முன்பே கூட்டி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் படுக்கையில் இருந்தது மூன்றே வாரம். அதற்கு முன் ஏதாவது அடையாளம் தெரிந்ததா, ஒரு நாளாவது அவள் மூச்சுக்குச் சிரமப்பட்டுப் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். சத்தியம் செய்தேன்.

“அப்படின்னா ஆண்டவர் எடுத்துக்கிட்டார்,” என்றாள் அக்கா. “பாத்தும் பாக்காத மாதிரி இருந்த மனுஷன்கிட்ட பிள்ளைய விடமாட்டேன் தம்பி. நீங்க அப்படி இல்லைங்கிறீங்க. விடுறேன்.”

அந்தச் சத்தியத்தின் பேரில்தான் ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமைகள் எனக்குக் கிடைத்தன.

காலையில் பூசை நடந்தது. கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. பெட்டி இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தாள், பிறகு சுடுகிறது என்று விட்டுவிட்டாள். அக்கா வீட்டில் பலகாரம். அப்போதுதான் அக்காவின் கணவர் கிளாரன்ஸ் அண்ணன் பேச்சை எடுத்தார்.

மூன்று மணிக்குத் தொம்மலூர் வெளிக்குப் போகலாம் என்றார். வெங்கடசுப்ரமணியன் சாரும் வருகிறாராம். ஒரு வருஷமாக யாரும் காகித விமானம் பறக்க விடவில்லை, நோராவுக்காக ஒரு தடவை விடலாம் என்றார்.

அக்கா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள். துக்க நாளில் காகிதப் பொம்மையா என்று கேட்டாள். ஆனால் பெட்டி அதற்குள் செருப்பு மாட்டப் போய்விட்டாள். அக்காவால் பெட்டியை மறுக்க முடியாது. அதனால் அவளும் வந்தாள்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று ஆண்கள், நோரா, அவ்வளவுதான். மூங்கில் சிம்பும் நெட்டியும் பட்டக் காகிதமும் கொண்டு விமானம் செய்வோம். மூக்கிலிருந்து வால்வரை உள்ளே ரப்பர் நாடா ஓடும். அதை அறுநூறு முறுக்கு முறுக்கி விட்டால் விசிறி சுழலும், விமானம் ஏறும். ரப்பர் பிரிந்து தீர்ந்ததும் மிதந்து இறங்கும். போர் வந்த பிறகு நிஜ விமானங்கள் தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தன. நாங்கள் அவற்றை அதிகம் பார்ப்பதில்லை.

கிளாரன்ஸ் அண்ணன் தபாலாபீஸில் இருக்கிறார். தச்சன் ரம்பத்தை முழங்காலுக்கிடையில் வளைத்து, ஃபிடில் வில்லால் தேய்த்துக் கீர்த்தனம் வாசிப்பார். வெங்கடசுப்ரமணியன் சார் சர்க்காரில் வரைபடம் போடுகிறவர். கைத்தடியை மோவாயில் நிறுத்திக்கொண்டு ஜதி சொல்வார், தடி விழுவதற்குள் கோர்வையை முடிப்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாவி தீர்ந்துபோகிற கிராமஃபோன் மாதிரி பாடுவேன். பாட்டு நன்றாகத் தொடங்கும், மெல்ல மெல்லத் தளரும், குரல் கனத்துக் கீழே போய் நடுவார்த்தையில் நின்றுவிடும். நோரா அதற்கு ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

விமானம் ஒடிந்தவன் தன் வித்தையைக் காட்டவேண்டும். காட்டி முடித்த பிறகுதான் பசையைத் தொடலாம். அது எங்கள் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எவ்வளவு நேரம் பறந்தது என்று அளப்பதில் எங்களுக்குத் தகராறு வந்துகொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் விமானம் தொலைந்துபோகும், விமானத்தைப் பார்த்தால் விநாடி தொலைந்துபோகும். நோரா ஒரு வழி கண்டாள். மாதா சப்பரத்துக்கு முன்னால் பேண்டுக்காரர்கள் வாசிக்கும் மார்ச்சை அவள் விசிலடிப்பாள். விமானம் என் கையை விட்டதும் தொடங்குவாள், தரையைத் தொட்டதும் நிறுத்துவாள். மார்ச் ஒருதடவை முழுதாக முடிந்தால் அது ஒரு பாட்டு. பொம்பளைப் பிள்ளை வெட்ட வெளியில் நின்று விசிலடிக்கிறதே என்று அக்கா பல ஞாயிறு சண்டை போட்டிருக்கிறாள்.

ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு விநாடி. வெங்கடசுப்ரமணியன் சார் தாளம் போட்டுப் பத்துத் தடவை சரிபார்த்தார். நான் அதை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன். அதன் பிறகு நாங்கள் விநாடி என்று பேசியதே இல்லை. நாலு பாட்டு பறந்தது, மூன்றரைப் பாட்டு பறந்தது என்போம்.

மூன்று மணிக்கு ஜட்காவில் போய் இறங்கினோம். காற்று இல்லை. அக்கா கறுப்புப் புடவையில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எங்களை ஞாபகம் வைத்திருந்தார். விசில் அம்மா எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். கிளாரன்ஸ் அண்ணன் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

பாட்டு இல்லாமல் எப்படி அளப்பது என்று நான் யோசித்திருக்கவில்லை. வெங்கடசுப்ரமணியன் சார் யோசித்திருந்தார். அவருடைய மைத்துனன் ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கும் கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். கட்டைவிரலால் அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

“மன்னிக்கணும் பெர்னார்ட்,” என்றார். “வேற வழி தோணலே.”

என் விமானத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தேன். இறக்கையின் மஞ்சள் காகிதம் நோரா ஒட்டியது. உள்ளே இருந்த ரப்பர் போன வருஷத்து ரப்பர். அதை மாற்றவில்லை. மாற்ற வேறு ரப்பரும் இல்லை. மலேயா விழுந்த பிறகு கடையில் ரப்பர் நாடா வருவது நின்றுபோயிற்று. பழைய மோட்டார் டியூபை நூலாகக் கிழித்து, விளக்கெண்ணெய் தடவி வைத்துக்கொண்டோம். அந்த ரப்பரைத் திட்டாத ஞாயிறு கிடையாது. அதைப் போட்ட நாள்முதல் மூன்று விமானங்களும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தன. நான் விசிறியைச் செதுக்கிப் பார்த்தேன், வாலைக் குறைத்துப் பார்த்தேன். பயனில்லை.

முறுக்கினேன். விட்டேன். ஏறியது. வெளி அமைதியாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. விமானம் பறக்கும்போது வெளி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

இறங்கியது. சார் அமுக்கினார்.

“நாப்பத்தேழு.”

அடுத்தது கிளாரன்ஸ் அண்ணன். அவருடையது நேரே போய் லாண்டானா புதரில் மோதி இடது இறக்கையை ஒடித்துக்கொண்டது. அவர் அதை எடுத்துவந்து பேசாமல் பசை டப்பாவைத் திறந்தார்.

“பெரியப்பா, ஒடைஞ்சா வாசிக்கணும்,” என்றாள் பெட்டி.

அவர் மரத்தடியைப் பார்த்தார். அக்கா ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சாக்கிலிருந்து ரம்பத்தை எடுத்து, பாறையில் உட்கார்ந்து, மாதா பாட்டு ஒன்றை வாசித்தார். ரம்பத்தின் ஒலி அழுகை மாதிரி இருக்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது ரம்பம் மாதிரிதான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் வாசிக்கும்போது வெங்கடசுப்ரமணியன் சார் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“இது அதே ரப்பர்தானே?”

“அதேதான் சார்.”

“போன வருஷம் ஆகஸ்டிலே இதே விமானம் இரண்டே முக்கால் பாட்டுன்னு எழுதியிருக்கீர். அப்போ முப்பத்து மூணு விநாடி. இன்னிக்கு நாப்பத்தேழு. ஒரு வருஷம் டப்பாவிலே சும்மா கெடந்த ரப்பர் எப்படி ஓய் நன்னாகும்?”

சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. நோட்டை மூடினார்.

“காத்து தூக்கிவிட்டிருக்கும்,” என்றார்.

காற்று இல்லை. அவருக்கும் அது தெரியும். புல் அசையவில்லை. அவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். நான் இன்னொரு தடவை விடுகிறேன் என்றேன். வேண்டாம், பொழுது சாய்கிறது என்றார். நான் முறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாற்பத்தாறு.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷத்தின் முதல் வாரம், முதல் பாடம்: அளக்கப்படும் பொருள்மேல் பழி போடுமுன் அளக்கும் கருவியைச் சரிபார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் கரும்பலகையை அழித்துவிடுவேன்.

நோட்டைத் திறந்தேன். 1942 ஜனவரி 4, நாலு பாட்டு. ஏப்ரல் 12, மூன்றே முக்கால். ஜூன் 14, மூன்றேகால். ஆகஸ்ட் 16, இரண்டே முக்கால். மூன்று விமானங்களுக்கும் அப்படித்தான். பக்கத்தில் என் கையெழுத்தில் குறிப்பு: ரப்பர் சரியில்லை.

ரப்பர் சரியாக இருந்தது. விமானங்கள் எல்லாம் முன்போலவேதான் பறந்துகொண்டிருந்தன. பாட்டுதான் நீண்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டு விநாடிப் பாட்டு பதினைந்து ஆகி, பதினேழு ஆகியிருக்கிறது. பாட்டு எப்படித் தளர்ந்து நிற்கும் என்று ஊரைக் கூட்டி நடித்துக் காட்டுகிறவன் நான். பத்தடி தள்ளி நின்றேன். எனக்குக் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரம்பம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அக்கா மரத்தடியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

வெங்கடசுப்ரமணியன் சார் என் காதருகே வந்தார். “நான் ஒண்ணும் பாக்கலே. புரியறதா?” என்றார். பிறகு பெட்டியைக் கூப்பிட்டு, தடி வித்தை காட்டுகிறேன் வா என்று தூரமாய்க் கூட்டிக்கொண்டு போனார். அவர் விமானம் ஒடியவில்லை. ஒடியாமல் அவர் வித்தை காட்டியது அன்றுதான்.

அக்கா சுற்றிவளைக்கவில்லை. அவள் முகம் காலையில் இருந்ததைவிட இளகியிருந்தது. அழுதிருக்கவேண்டும்.

“தம்பி, நான் இங்க உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். நீங்க பிள்ளைய நல்லாத்தான் வெச்சிக்கிறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு சுரூபத்துமேல சொன்னீங்களே, ஒரு அடையாளமும் பாக்கலைன்னு. இன்னிக்கும் அதே வார்த்தைதான்னா சொல்லிடுங்க. நான் இனி கேக்க மாட்டேன். பெட்டி உங்ககூடவே இருக்கட்டும்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சார் ஏற்கனவே எனக்காகப் பொய் சொல்லத் தயார். தடியை மோவாயில் நிறுத்தியபடி அவர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கைதட்டினாள்.

நான் நோட்டை அக்காவிடம் கொடுத்தேன்.

பாட்டு என்றால் என்ன, விநாடி என்றால் என்ன என்று ஒரு பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். அவள் கோயில் பாடகர் குழுவில் பதினைந்து வருஷம் பாடியவள். சீக்கிரம் புரிந்துகொண்டாள். ஒவ்வொரு தேதியின்மேலும் விரலை வைத்தாள்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாக்கா.”

“ஒவ்வொரு வாரமும் எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“ரப்பர் சரியில்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாக்கா.”

“எட்டு மாசம்.”

அவள் விரல் கடைசித் தேதியில் நின்றது.

“சத்தியம் பண்ணும்போது தெரியாதா?”

“தெரியாது. அரைமணி முன்னாடிதான் தெரிஞ்சிது.”

“அதான் தம்பி சொல்றேன்,” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “கண்ணுக்கு முன்னாடி எட்டு மாசம். உங்களுக்குத் தெரியலை. நாளைக்கு இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நீங்க எதைப் பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு நான் எப்படித் தூங்குறது?”

நோட்டைத் திருப்பித் தரவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெட்டியைக் கூப்பிட்டாள். இருவரும் சாலையோரம் நின்ற ஜட்காவை நோக்கி நடந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் பெட்டி அவர்கள் வீட்டுக்குத் திரும்புவது வழக்கம்தான், அதனால் அவளுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

நான் ரப்பரை முறுக்கு நீக்கிக் கழற்றினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது.

கிளாரன்ஸ் அண்ணன் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் அக்காவிடம் சொன்னதை எல்லாம் அவர் நாலடி தள்ளி நின்று கேட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் விமானமும்தானே வாரம் வாரம் குறைந்தது?

“அண்ணே,” என்றேன்.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஜூன் மாசம். உன் விமானம் புதர்ல விழுந்து, நீயும் சாரும் தேடிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டீங்க. நோரா அப்படியே தரையில உக்காந்திடுச்சு. உதடெல்லாம் நீலம். நான் ஓடிப்போய் உன்னைக் கூப்பிடறேன்னேன். கையப் புடிச்சிக்கிச்சு. வேணாம் மாமா, எனக்கு உடம்புக்கு முடியலைன்னு தெரிஞ்சா அக்கா பெட்டியத் தூக்கிட்டுப் போயிடும், நான் எழுந்திரிச்சாலும் திருப்பித் தராதுன்னுச்சு. கொஞ்ச நாள் போனா தானா சரியாயிடும்னுச்சு.”

“நீங்க?”

“நான் நம்பிட்டேன். நம்பணும்னு இருந்திச்சு.” சாக்கின் முடிச்சை இறுக்கினார். “பிரிஜெட்டுக்குத் தெரிஞ்சா என்கூட ஒரே கூரைக்குக் கீழ இருக்க மாட்டா. அவ வீட்டுக்கும் பிள்ளை வராது. உனக்கே தெரியும். சொல்லணும்னா நீ சொல்லிடு பெர்னார்ட். சும்னே, வாய்ப்பேச்சுக்குச் சொல்லலை. நான் இல்லைன்னு மறுக்க மாட்டேன். என்னால நானா சொல்ல முடியலை.”

சாலையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். குதிரை பொறுமை இழந்திருந்தது, ஜட்காக்காரனும். அண்ணன் ஒடிந்த விமானத்தையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்சம் தள்ளி நானும் நடந்தேன்.

ஒரு வாக்கியம். ஜூன் மாதமே உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியும் அக்கா. அவ்வளவுதான் சொல்லவேண்டும். பாத்தும் பாக்காத மாதிரி இருந்த மனுஷன்கிட்ட பிள்ளைய விடமாட்டேன் என்றவள் அவள். அவள் வார்த்தையாலேயே பெட்டி ஜட்காவிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக இருப்பார்கள்.

அண்ணன் முன்பக்கம் ஏறி வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தார். குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பெட்டி பெரியம்மாவின் மடியில் தலைவைத்திருந்தாள். நான் பின்கம்பியைப் பிடித்தேன்.

“என்ன தம்பி, ஏதாவது சொல்லணுமா?” என்றாள் அக்கா.

அண்ணனின் முதுகு அசையவில்லை.

“ராத்திரி போர்வைய உதைச்சித் தள்ளிடுவா,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.”

பிறகு, என்னைப் பார்க்காமலே, பெட்டியின் தலைமுடியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்தபடி சொன்னாள். “வெள்ளிக்கிழமை நீங்க வாங்க. இவ வர வேணாம். அங்க இருக்கிற இவ துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். பொம்மையோட படுக்கையும்.”

கம்பியை விட்டேன். ஜட்கா நகர்ந்தது. வெங்கடசுப்ரமணியன் சார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.